எதிர்வீட்டுப் பச்சை ஸ்டிக்கர்கள்

கார்சோன்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அர்சேசியோ அவர்களுக்கு, ஒவீதியோ வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை நூபியாவும் பிள்ளைகள் மூவரும் இங்கே நலம். இனி நமக்கு எதற்கு என்று நாங்கள் கொடுத்த தொட்டிலில் உங்கள் கடைக்குட்டி சுகமாகத் தூங்குகிறான் என்று நம்புகிறேன்.

மச்சான், எனக்கு வயிறு எரிகிறது. கருத்தடை மாத்திரை போட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்று நூபியா அதை நிறுத்திவிட்டு, நர்ஸம்மா சொன்ன இயற்கை முறைக்கு மாறினாளல்லவா, அதிலிருந்துதான் வினை. தினமும் காலையில் அவள் சிறுநீரில் நனைத்த பட்டையைக் குட்டிக் கருவியில் செருகினால் அது ஹார்மோன் அளவைக் காட்டும். அதைப் படித்து அட்டவணையில் ஸ்டிக்கர் ஒட்டுவது புருஷன் பொறுப்பு. பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் திரும்பிப் படுக்க வேண்டியதுதான். எதிர்வீட்டு எர்மெஸும் அவன் மனைவி யாமிலேயும் எங்களோடுதான் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஃப்ரிட்ஜில் மாட்டிய அட்டவணையைப் பார்த்தால் ஒரே பச்சை, வாழைத்தோப்பு மாதிரி! எனக்கு மட்டும் சிவப்பு சிவப்பாக வருகிறது. அந்தப் பயல் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே விசிலடிக்கிறான். "என்னப்பா, இன்னிக்கும் சிவப்பா? எங்கிட்ட பச்சை மிச்சம் கிடக்கு, வச்சுக்க" என்று ஒரு தாள் ஸ்டிக்கர் வேறு நீட்டினான். மரியாதைக்காக வாங்கி வைத்தேன். "யாமிலேவுக்கு மட்டும் எப்படி?" என்று நூபியாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "அப்ப அவளையே கட்டியிருக்க வேண்டியதுதானே! நாலாவதுன்னு ஒண்ணு வந்துச்சு, பொட்டியக் கட்டிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா"ன்னு அரேபா ரொட்டித் தட்டை வச்ச வேகத்துல தட்டு ரெண்டாப் போச்சு. அவளுக்கு எம்மேல பிரியமே விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு மச்சான். அந்தக் கருவி நம்ம வீட்டுக்கு ஓரவஞ்சனை பண்ணுது, வேற வாங்கலாம்னு நீங்கதான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. கன்னிமாதா உங்கள் காப்பிச் செடிகளைப் பூச்சி அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஒவீதியோ

பி.கு.: உறையை ஒட்டும்போது எர்மெஸ் முகம் வெளுத்து வந்து நின்றான். யாமிலே கர்ப்பம், அதுவும் இரட்டை! படுபாவி சிவப்பு வந்த நாளெல்லாம் பச்சையை ஒட்டியிருக்கிறான். கருவிமேல் ஒரு குற்றமும் இல்லை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், நூபியாவிடம் மூச்சுவிடாதீர்கள். அவன் கொடுத்த தாளிலிருந்து போன மாதம் நான் மூணே மூணுதான் ஒட்டினேன், சத்தியமாக. இன்று காலையிலிருந்து அவளுக்குக் காப்பி வாடையே ஆகவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கடைக்குட்டி அந்தத் தொட்டிலை விட்டு எப்போது இறங்குவான் மச்சான்?