தேவானந்தம் சாமியின் மூன்று நிமிடத் தைலம்

11-2-1989. நேற்று பதினொன்று என்று எழுதியது தவறு. சரியான எண்ணிக்கை பத்து. ஒன்று பேனா மை.

மாலைக் கல்லூரி மாணவி பொன்னி, நாட்குறிப்பில் தன் தப்பை முதல் வரியிலேயே எழுதிவிடுவாள். அவள் எண்ணியது முன்கையிலிருந்த வெண்திட்டுக்குள் முளைத்த பழுப்புப் புள்ளிகளை. நான்கு மாத மாத்திரைக்கும் காலை வெயிலுக்கும் கிடைத்த பலன். நிறம் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகு கடுகாகத்தான் திரும்பும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா பச்சையம்மாவுக்கோ அது நோய் முற்றுவதாகப் பட்டது. குரோம்பேட்டை தேவானந்தம் சாமி தைலம் தடவினால் மூன்றே நிமிடத்தில் திட்டு முழுவதும் மாநிறமாகிறதாம். தாம்பரம் முதல் பள்ளிக்கரணை வரை சனம் அங்கேதான் தவம் கிடந்தது. நிபந்தனை இரண்டு. ஒன்பது நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. இங்கிலீஷ் மாத்திரையைச் சாமி எதிரில் காலால் மிதித்துவிட வேண்டும். பத்தாம் நாள் நிறம் போய்விட்டால்? பக்தி போதவில்லை, மறுபடி வரலாம். கடவுளுக்கே இல்லாத வசதி.

மறுநாள் ஞாயிறு. மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா மகளை இழுத்துப் போனாள். ஒருவேளை சாமி சொல்வது சரியாக இருந்தால் என்று பொன்னிக்கும் குழப்பம். மருந்தா சாயமா, சோதித்தால் தெரிந்துவிடும் என்று பையில் ஒரு வெள்ளை முட்டையை வைத்துக்கொண்டாள்.

முறை வந்தது. பொன்னி முட்டையை நீட்டினாள்.

"முதல்ல இதுக்குத் தடவுங்க சாமி. பாவம், உடம்பு பூரா வெள்ளை."

சாமி முறைப்பதற்குள் தைலக் கிண்ணத்தில் அதை உருட்டி எடுத்துவிட்டாள். மூன்று நிமிடத்தில் முட்டை மாநிறம். கூட்டம் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

சாமி அசரவில்லை. "முட்டைக்குள்ள உசுரு கீது. அதான் தைலம் கேக்குது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பொன்னியின் முகம் சுண்டிப்போயிற்று.

மூன்றாம் முறையாக வந்திருந்த கோவளத்து மீன்காரி முத்தாலம்மாள் முட்டையைத் தரையில் தட்டி உரித்தாள். பஸ் நெரிசலில் உடைந்துவிடுமென்று பயந்து பொன்னி அதை அவித்தல்லவா கொண்டுவந்திருந்தாள்.

"இன்னா சாமி, அவிச்ச முட்டைக்கு இன்னா உசுரு?"

சாமி பின்வாசல் வழியாக அவசரமாகத் தியானத்துக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை. பச்சையம்மா முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டு, "நேரமாச்சு, வா. நாளைக்கு மாத்திரை போட வேணாமா?" என்று மகளை அதட்டினாள்.

தைலத்தில் குளிக்க முட்டைக்கு மூளை வேண்டியதில்லை. நமக்கு ஒன்று இருக்கிறது. அவ்வப்போது வேலை வாங்கலாம்.

அன்று பொன்னி எழுதியது: நாளை எட்டு மணிக்கு மாத்திரை. பத்து மணிக்கு ஐந்து நிமிட வெயில். பிறகு முத்தாலம்மாள் அக்காவைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.