ஆகிலா சொன்ன ஆள்

"வாறன் எண்டு சொல்லிட்டு வரமாட்டாராம். எந்நேரமும் சத்தம் போடுவாராம். மத்தவங்கட பங்கையும் திண்டுருவாராம்." சோறு போட்டுக்கொண்டே சொன்னாள் றஸ்னா.

கல்முனை பஸாரில் கரண்ட் போனதால், புடைவைக் கடையைச் சாத்திவிட்டு நளீர் அன்று அபூர்வமாகப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான்.

"ஆரு சொன்ன?"

"உங்கட மகள்தான். பாலர் பாடசாலையில குணங்களப் பற்றிப் படிப்பிக்காங்க. கூட்டிவரப் போகக்குள்ள வாசல்ல நிண்டு கேட்டன். ஆரப் பற்றியெண்டுதான் விளங்கல்ல."

ஐந்து வயது ஆகிலாவிடம் கேட்டார்கள். "பேரச் சொல்லாம குணத்த மட்டும் சொல்லணும் எண்டு டீச்சர் சொன்னாங்க" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

நளீருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெருநாளைக்கு வந்த றஸ்னாவின் தம்பி றாஸிக் இன்னும் திரும்பிப் போகவில்லை. எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், புள்ளைக்கு முன்னால கொஞ்சம் பார்த்து நடக்கணும். அடுத்தவங்கட பங்கத் திண்டுறதெல்லாம் அது பாக்குது."

றாஸிக் நிமிர்ந்தான். "எனக்கு வெச்ச மீன் உங்கட கையில இரிக்கி மச்சான்."

"நான் எப்பயாவது சத்தம் போட்டிரிக்கனா?" என்று நளீர் போட்ட சத்தத்தில், கூரையில் இருந்த காகம் பறந்தது.

"கடற்கரைக்குக் கூட்டிப் போறன் எண்டு போன வெள்ளிக்கிழமையும் சொன்னீங்க" என்றாள் றஸ்னா, மெதுவாக.

"இது எங்கட வாப்பா கட்டின வூடு. எண்டாலும் நான் போறன்" என்று றாஸிக் கை கழுவினான். அட்டாளைச்சேனை பஸ்ஸுக்குப் போனவனின் பின்னால் ஆகிலா கேற்றுவரை அழுதுகொண்டு ஓடினாள். றஸ்னா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நளீரின் விரல்களில் சோறு காய்ந்தது. பிள்ளை எழும்ப முன்னர் போகிறான். தூங்கிய பிறகு வருகிறான். இடையில் கிடைக்கிற நேரத்திலும் கையில் போன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மகள் தன்னை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறாளே என்று ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது.

மறுநாள் அவன் கடை திறக்கவில்லை. ஆகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலர் பாடசாலைக்கு நடந்தான். எந்தச் சந்தியில் திரும்புவது என்று அவள்தான் காட்டினாள்.

"டீச்சர், மகள் சொன்னதெல்லாம் உண்மை. இனி என்ட குணத்த மாத்திக்கிறன்."

ஸுஹைறா டீச்சர் விழித்தார். "எதச் சொல்றீங்க காக்கா?" என்று அண்ணனை அழைக்கும் மரியாதையோடு கேட்டார்.

வராதது, சத்தம், அடுத்தவர் பங்கு எல்லாவற்றையும் தலை குனிந்து ஒப்புவித்தான்.

"அது டீவி கார்ட்டூன்ல வாற முதலை, காக்கா" என்றார் டீச்சர். "வாப்பாட குணத்தையும் கேட்டன்தான். 'அவர எனக்கு அவ்வளவாத் தெரியாது டீச்சர்' எண்டு சொல்லிட்டா."