நடுப்பாதம் கூசுத கணக்கு வாத்தியார்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோவில்பட்டிக்குப் போயி காலைக் காட்டிட்டு வரணும்.

வருசம் ரெண்டாயிரமோ, ரெண்டாயிரத்து ஒண்ணோ. கழுகுமலையில நான் கணக்கு வாத்தியார். சாயங்காலம் பேப்பர் திருத்த உக்காந்தா போதும், கெண்டைக்கால் ரெண்டுக்குள்ளயும் எறும்பு ஊருத மாதிரி இருக்கும். வலி இல்ல. ஆனா ஆட்டாம இருக்க முடியாது. எந்திரிச்சு நடந்தா நிக்கும், உக்காந்தா திரும்ப ஆரம்பிக்கும். நடந்துக்கிட்டே எத்தன பேப்பரத் திருத்த?

மேசைய ஆட்டாதீங்க, டிவி ஆடுதுன்னு எங்க வீட்டுக்காரிதான் விரட்டி விட்டா. கல்யாண மண்டபத்துல பாத அழுத்த சிகிச்சை முகாம்னு பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் பாத்திருக்கா.

போனேன். வரிசையா நாற்காலி. எனக்குப் பக்கத்துல, எங்கிட்டப் படிக்கிற பிள்ளையோட அம்மா. என்னப் பாத்ததும் சேலையச் சரிபண்ணி நிமிந்து உக்காந்தாவ. வகுப்புல நான் சிரிச்சு யாரும் பாத்ததில்ல. அந்த மரியாதை தாய்தகப்பன் வரைக்கும் போயிருந்துது.

வைத்தியம் பாத்தவரு நாகலாபுரத்து அண்ணாச்சி ஒருத்தரு. மூக்கு நுனியில கண்ணாடி. என் காலத் தன் மடியில வச்சுக்கிட்டு வெளக்கம் சொன்னாரு. பெருவிரல் தலைக்காம். குதிகால் இடுப்புக்காம். சரிதான்னு கேட்டுக்கிட்டேன்.

நடுப்பாதம் வயித்துக்குன்னு சொல்லி, கட்டைவிரல வச்சு அமுக்கினாரு பாருங்க.

எனக்கு அங்கன கூசும்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்.

பல்லக் கடிச்சேன். பிள்ளையோட அம்மா பாக்குதாவ. மேல ஃபேனப் பாத்துக்கிட்டே பதினேழாம் வாய்ப்பாட்ட மனசுக்குள்ள சொன்னேன். மூணாவது வரிக்கு மேல ஓடல. மண்டபமே திரும்பிப் பாக்குத மாதிரி ஒரு சிரிப்பு வந்துட்டு. சிரிப்போட சேந்து காலும் அண்ணாச்சி நெஞ்சுக்குப் போயிட்டு. அவரு பின்னால சாஞ்சாரு. அவரு கண்ணாடி பறந்துபோயி அந்த அம்மா மடியில விழுந்துது.

அவிய அதத் தொடச்சுக் குடுத்தாவ. இன்னொரு கையால வாயப் பொத்தியிருந்தாவ.

அண்ணாச்சி கோவிச்சுக்கல. சட்டையத் தட்டிவிட்டுட்டு, "சார், அடுத்தவன் கைக்குத்தான் கூசும். நீங்களே அமுக்கிப் பாருங்க"ன்னாரு. அமுக்கினேன். கூசவே இல்ல. தினம் சாயங்காலம் பத்து நிமிசம் இப்படிச் செய்யுங்க, அந்நேரத்துக் காப்பிய விட்டுருங்கன்னு அனுப்பி வச்சாரு.

உள்ளதச் சொல்லணும்லா, ஒரு வாரத்துல கால் பாதி அடங்கிட்டு. அமுக்கினதுலயா, காப்பிய விட்டதுலயான்னு இன்னும் தெரியல.

அடுத்த மாசம் அதே முகாமுக்கு வீட்டுக்காரி கெளம்பினா. உனக்குக் கால்ல என்னன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க ஒதைச்ச மனுசர ஒருதரம் பாத்துட்டு வாரேன்."