சாக வேண்டிய தட்டு

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் காந்திமதி இன்குபேட்டரைத் திறந்தபோது, பிழைக்க வேண்டிய செல்கள் செத்துக் கிடந்தன. சாக வேண்டியவை கொழுகொழுவென்று பெருகியிருந்தன.

முதல் தட்டில் அவள் விட்டது, நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் 'பெருகு' என்று தகவல் சொல்லும் புரதம். அது கிடைக்காவிட்டால் அந்தச் செல்கள் இரண்டு நாள் தாங்காது. இரண்டாம் தட்டில் புரதம் இல்லை. லேபின் சீனியர் பட்டாபிராமன் சார் எலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடி மட்டும். அது செல்லின்மேல் புரதம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும், வேறொன்றும் செய்யாது என்பது எல்லாருடைய நம்பிக்கை.

ஆக, அவள்தான் முதலிலேயே லேபிளை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். வேறென்ன? போன மாதம் செம்பாக்கத்தில் இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்போடு பல்லவன் பஸ்ஸில் ஏறித் தாம்பரம் லேபுக்கு வந்து சேர்ந்தவள்தானே.

அன்றைக்குப் பட்டாபிராமன் எல்லாருக்கும் கேட்கும்படி, "எம்.எஸ்ஸி. இருந்தா போதுமாம்மா? கண்ணும் வேணும்" என்றிருந்தார்.

அதை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை. யாரும் வருவதற்குள் லேபிள்களை உரித்து இடம் மாற்றினாள்.

லேபின் தலைவர் டாக்டர் திரிபுரசுந்தரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நினைத்தபடியே வந்திருக்கிறது என்று அவள் முதுகில் தட்டினார். அதே பாட்டில் புரதத்தை லேபில் இருந்த மற்றச் செல்களுக்கும் விடச் சொன்னார். விட்டாள்.

திங்கட்கிழமை அத்தனையும் செத்திருந்தன.

எப்படி என்று கேட்டார் டாக்டர். கரன்ட் போயிருக்கும் மேடம் என்று காந்திமதியின் நாக்கு, அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் குப்புராஜுக்கு ஆள் போயிற்று. கரிக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இன்னா மேடம், கரன்ட்டே போவல. போவாத கரன்ட்டுக்கு நான் இன்னாத்துக்கு ஜெனரேட்டர் போடணும்?"

செய்ததும் செய்துவிட்டுப் பொய் வேறா என்றார் டாக்டர். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். குப்புராஜ் காந்திமதி பக்கம் திரும்பினான்.

"யக்கா, நேத்து பூரா நீயுந்தான இங்க இருந்த. லைட்டு எரிஞ்சுதா இல்லியா, நீயே சொல்லு."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"கரன்ட் போகல மேடம். நான்தான் பொய் சொன்னேன்."

லேபிள் கதையையும் சொன்னாள். குரல் எழும்பவில்லை. வெட்கக்கேட்டை இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

"நீ மாத்தறதுக்கு முன்னாடி எந்த பிளேட்ல உயிர் இருந்தது?"

"ஆன்டிபாடின்னு எழுதின பிளேட்ல மேடம். தப்பா ஒட்டிட்டேன்."

அது தப்பாகவே இருக்கட்டும், அந்தப் புரதத்தைக் குடித்த மற்றச் செல்களெல்லாம் ஏன் செத்தன என்று டாக்டர் கேட்டார். பின்னால் நின்றிருந்த பட்டாபிராமன் தொண்டையைச் செருமினார். இனி ஊருக்கே கேட்கும் என்று காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் குரலோ பக்கத்து மேசைக்குக்கூட எட்டவில்லை.

"அவ லேபிள் சரியாத்தான் ஒட்டியிருக்கா மேடம். ஃப்ரிட்ஜ் துடைக்கறப்போ புரதத்தை நான் கொட்டிட்டேன். பாட்டில்ல ரொப்பி வெச்சது வெறும் தண்ணி. செல்லைப் பிழைக்க வெச்சது, வழியை அடைக்கும்னு நினைச்ச என் ஆன்டிபாடிதான்."