கடலுக்குக் கடல் ஊற்றியவள்

உலகத்தில் பாம்புக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். பேய்க்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு கல்லுக்குப் பயந்தவள். அதுவும் சின்னப் பயமில்லை. தொலைபேசி அடித்தால் குசினி அடுப்புக்குப் பின்னால் ஓடி ஒளிகிற பயம். (அந்த நாட்களில் விஞ்ஞான ஆசிரியை என்று சொல்லிச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.)

கல் என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. அது முருகை, கடலில் வளர்கிற பவளம், உயிருள்ளது. மாமா என்றால் என் கணவர் அன்ரனின் அப்பா. அவர்கள் ஊர்காவற்றுறையில் பரம்பரையாகக் கடலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். நான் புளியங்கூடலில் தோட்டம் செய்கிற சைவ வீட்டுப் பெண். பஸ்ஸில் தொடங்கிய காதல், இரண்டு வீட்டிலும் அழுகை, கத்தல், பட்டினி எல்லாம் முறைப்படி நடந்து கல்யாணத்தில் முடிந்தது. அந்த அமளியில் வாயே திறக்காத ஒரே ஆள் மாமா. கடைசியில் "சரி" என்றார். அவ்வளவுதான். சந்தோசப்பட்டுச் சொன்னாரா, சலித்துப்போய்ச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மாமி நான் வந்த அன்றே "பிள்ளை, பிள்ளை" என்று என்னோடு ஒட்டிக்கொண்டார். மாமா என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. தேவையென்றால் செருமுவார். ஒரு செருமலுக்குத் தேத்தண்ணி, இரண்டு செருமலுக்குப் பேப்பர் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவர் ஒரு தரம் "பிள்ளை" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், என் கல்யாணம் முழுதாக நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் தேய்ந்துபோய், இனிக் கடலுக்குப் போகக் கூடாது என்று டொக்டர் சொன்னதும் மாமா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். (வித்தியாசம் மாமிக்கு மட்டும்தான் தெரிந்ததாம்.) பிறகு கடலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டி, மணல், காற்றடிக்கிற பம்பி, நீல லைற், இரண்டு செம்மஞ்சள் மீன்கள். எல்லாம் வீடியோ பார்த்துப் பழகியது. அதற்குள் மகுடம் மாதிரி, கொழும்பில் ஒரு கடையில் பில்லோடு வாங்கிய பூச்சட்டி முருகை. பந்தளவு உருண்டை, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் மெல்லிய தண்டுகள் நீண்டு, நுனியில் சின்னச் சின்னப் பூ விரிந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். வளர்த்துப் பழகியவர்களே அதைத் தொடப் பயப்படுவார்களாம். மாமா முதல் தரமே அதைத்தான் வாங்கினார்.

"எங்கட மதில் முழுக்க முருகைக்கல்லு. காசு குடுத்து இன்னொண்டு வாங்கின மனுசன் உலகத்திலயே இவர் ஒராள்தான்" என்று மாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மாமாவுக்குக் கண்புரை வந்தது. கொழும்பில் ஒப்பரேசன், பிறகு அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கண்ணைக் காட்ட வேண்டும். கூடப் போவது அன்ரன். புறப்படுகிற அன்று காலை மாமா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று செருமினார். தேத்தண்ணியோடு ஓடினேன். அவர் தேத்தண்ணியைப் பார்க்கவேயில்லை.

"முருகையைப் பாக்கோணும்" என்றார். கண்ணாடியில் சிவப்பு நிறத்தில் கீறியிருந்த கோட்டைத் தொட்டார். "தண்ணி உந்தக் கோட்டில நிக்கோணும். குறைஞ்சால் விடோணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். மனைவியிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்! சந்தோசம் வந்த அதே வேகத்தில் பயமும் வந்தது. அவர்கள் வாசலைத் தாண்டியதும் என் போனை எடுத்து முருகையை எல்லாப் பக்கத்தாலும் படம் பிடித்துத் தள்ளினேன். வாடகைக்குக் கார் எடுக்கிறவர்கள் கீறல் இருக்கிறதா என்று படம் எடுப்பார்களே, அதுபோல. நாளைக்கு ஒரு பழி வந்தால், நான் பாரமெடுத்தபோது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்த காலம். தொட்டிக்கு மூடியும் இல்லை. தண்ணீர் விறுவிறுவென்று குறைந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியதைக் கண்டதும் செம்பைத் தூக்கினேன். குசினிக்குள் குடிதண்ணீர் வைத்திருந்த நீலப் பரலிடம் ஓடினேன்.

"எங்க கொண்டு போறாய்?" மாமி வழியை மறித்தார்.

எங்கள் தீவில் கிணறெல்லாம் உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பரலின் மூடியை மாமியைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது.

"முருகைக்கு, மாமி. தண்ணி குறைஞ்சு போச்சு."

"விசரே உனக்கு? கடலில பிறந்ததுக்கு நல்ல தண்ணியோ? பத்தெட்டு வைச்சால் கடல். போய் அள்ளிக்கொண்டு வா!"

விஞ்ஞான ஆசிரியை ஒரு நிமிடம் யோசித்தாள். எவ்வளவு நியாயமான பேச்சு! கடல் பிராணிக்குக் கடல் தண்ணீர். வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் அதுதான் வேலை. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், "என்ன ரீச்சர், கடலை வத்த வைக்கப் போறியளோ?" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோடு மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது.

பூக்கள்தான் நிற்கவில்லை. முதலில் தண்டுகள் குட்டையாகின. பிறகு ஒரு பக்கம் விரியவேயில்லை. அந்தப் பக்கத்தில் மண்ணிறமாக ஏதோ சளிபோல வழிந்து, அடியில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்த மனிதர் நம்பி ஒப்படைத்த ஒரே பொருள் என் கையால் செத்துக்கொண்டிருக்கிறது. இனி அவர் எனக்குச் செருமக்கூட மாட்டார். மீன்கள் இரண்டும் ஒன்றும் நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமி அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இரண்டு சமயமும் இப்படி ஒற்றுமையாக நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அன்ரன் இல்லை. ஒரு செருமல் கேட்டது.

"எப்பிடி?" என்றார் மாமா.

"நல்லாயிருக்குது, மாமா. பூத்துக் குலுங்குது." என் வாயிலிருந்துதான் வந்தது, நான் சொன்னதாக நினைவில்லை.

"படம் அனுப்பு."

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அந்தச் சாட்சிப் படங்கள் நினைவுக்கு வந்தன. அதில் ஒன்றை அனுப்பினேன். அடுத்த நாளும் போன் வந்தது. வேறு பக்கத்தால் எடுத்ததை அனுப்பினேன். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் புரை. அந்த மனிதர் எதைக் காணப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர் கொழும்பில் இருக்கும்போதே அவருடைய செருமல் ஹோலுக்குள் கேட்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். தொட்டியின் பம்பிதான் கொறகொறத்துக்கொண்டிருக்கும்.

விடிவு பள்ளிக்கூடத்தில் வந்தது. எட்டாம் வகுப்பு, ஆவியாதல் பாடம். உப்புத் தண்ணீர் வைத்த பாத்திரத்தைக் கரும்பலகையில் கீறிவிட்டு, வழக்கம்போலக் கேட்டேன்:

"வெயிலில வைச்சால் என்ன போகும்?"

"தண்ணி போகும், ரீச்சர்!"

"என்ன மிஞ்சும்?"

"உப்பு மிஞ்சும், ரீச்சர்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

வெண்கட்டி கையிலிருந்து விழுந்தது. போனது வெறும் தண்ணீர். உப்பு முழுவதும் தொட்டிக்குள்ளேயே நிற்க, நான் வாளி வாளியாக மேலும் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். முருகையை நான் வளர்க்கவில்லை, கருவாடு போட்டிருக்கிறேன்! அதிபரிடம் தலையிடி என்றேன். (பொய்யில்லை.) ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

மாமாவின் மேசை லாச்சியில் உப்புப் பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டேன். குழாயில் போட்டிருந்த அளவுக்கோடு வரை அமிழ வேண்டியது, உள்ளே இறங்கவே மாட்டேன் என்று எழும்பி நின்றது.

"மாமி, எனக்கு நல்ல தண்ணி வேணும். ஒரு வாளி!"

விசயத்தைக் கேட்டு மாமியும் வெலவெலத்துப் போனார். கடல் தண்ணீர் அவருடைய யோசனை அல்லவா? ஆனால் பரல் என்று வந்தால் மாமி வேறு ஆள்.

"வாளியெல்லாம் தர ஏலாது. பவுசர் எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப ஒரு பேணி தாறன். பிறகு இன்னொரு பேணி பாப்பம்."

நான் அழுதேன், கெஞ்சினேன். மாமி அசையவில்லை. ஒரு தகரப் பேணி உப்புத் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு ஒரு பேணி நல்ல தண்ணீர் விடுவது, பிறகு காத்திருப்பது. இப்படியே நாட்கள் போயின. உப்பை ஒரேயடியாக இறக்கியிருந்தால் அந்த அதிர்ச்சியிலேயே மிச்சமும் செத்திருக்கும் என்று நான் பிறகுதான் அறிந்தேன். ஆக, விஞ்ஞான ஆசிரியையின் அவசரத்திலிருந்து முருகையைக் காப்பாற்றியது மாமியின் கஞ்சத்தனம். (அதை அவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.)

மாமா திரும்பி வந்த அன்று முருகையின் பாதி மொட்டையாக, வெள்ளையாக இருந்தது. மறுபாதியில் தண்டுகள் பயந்து பயந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, என்னைப் போலவே. சொல்ல வேண்டியதையெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். பாடமாக்கியதைச் சொல்ல நான் ஓர் அடி முன்னுக்கு வைத்தேன்.

பிறகு சேட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டு, சின்னதாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பற்றரி.

"பிள்ளை," என்றார், "இதை மணிக்கூட்டுக்குப் போடு."

தொட்டிக்கு மேலே சுவரில்தான் எங்கள் மணிக்கூடு. அண்ணாந்து பார்த்தேன். டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது நல்லாத்தானே ஓடுது?" என்றார் மாமி.

"படத்தில ஓடேல்லை" என்றார் மாமா. "ஒவ்வொரு நாளும் பத்தேகாலிலயே நிண்டுது."

அன்ரன் பையைக் கீழே போட்டுவிட்டுக் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதேன். எல்லோரும் வெட்கத்தில் அழுவதாக நினைத்தார்கள். நான் அழுதது அவர் சொன்ன முதல் சொல்லுக்கு.

அன்று மாலை மாமா தொட்டிக்குள் கைவிட்டு, முருகையை மெதுவாகத் திருப்பி, மொட்டைப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தார். அது இன்றும் அப்படித்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பூ மட்டும்தான் தெரியும். பேணியும் இப்போது தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பற்றரி அலுமாரியில், அந்தோனியாரின் காலடியில். வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேசத் தொடங்கினால், மாமா செருமிவிட்டுச் சொல்வார்:

"பிள்ளை, அந்தப் பற்றரியை எடு."