மின்னல் சாமியாரின் மௌன விரதம்

எழுத்துலகில் இதுவே என் முதல் காலடி. துணிச்சலை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையருகே ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் இரண்டு மாதங்களாக ஷேர் ஆட்டோக்கள் வரிசைகட்டி நின்றன. அனைத்தும் டீசலைத் துறந்த மின்சார ஆட்டோக்கள். உள்ளே மின்னல் சாமியார் அவர்கள் எழுந்தருளியிருந்தார். மின்சாரமே இல்லாமல், வெறும் மந்திரத்தால் பேட்டரியை நிரப்புவாராம். ஒரே நிபந்தனை: சார்ஜரைக் காணிக்கையாகச் செலுத்திவிட வேண்டும். ஒயர் இருக்கும் வீட்டில் அருள் தங்காதாம். அதன்பின் தினமும் கட்டணம் கட்டி, வண்டியைத் திரைக்குள் விட வேண்டும். அருளுக்கு ரசீதும் உண்டு.

ஆட்டோ ஓட்டுநர் மணவாளனும் அப்படியே செலுத்தினார். மகள் அஸ்வினி நகப்பூச்சால் பூ வரைந்திருந்த சார்ஜர் அது.

அவருடைய நிரந்தரச் சவாரி மரியம் பீவி. காலை ஷிஃப்டுக்கு இட்லிக் குண்டான்களோடு இரும்பாலை கேன்டீனுக்குப் போகிறவர். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டோ நகரவில்லை.

"நேத்து பூரா சாமி மௌன விரதம்க்கா. பூஜையே இல்ல."

"போன மாசமும் இப்டித்தான் விரதம். அன்னிக்கும் பராமரிப்புன்னு கரண்டு கட்டு, நேத்தும் கட்டு. பேப்பர்ல அறிவிப்பு வந்தாதான் உங்க சாமிக்கு விரதம் வருமா?"

"சாமிய கிண்டல் பண்ணாதக்கா. கண்ணு பூடும்."

"கண்ணு இருந்து இன்னா பிரயோஜனம் நைனா? இன்னொருவாட்டி நாஷ்டா லேட்டானா டீசல் வண்டி வெச்சிக்கிறேன்னு கேன்டீன்காரரு அப்பவே சொல்ட்டாரு."

மணவாளன் இறங்கி, ஆட்டோவைக் கொட்டகைப் பக்கம் தள்ளத் தொடங்கினார்.

அன்று மாலை ஆட்டோ திரைக்குள் போனது. வெளியே பக்தர்கள் கண்மூடிப் பாடினார்கள். கூடவே வந்திருந்த மரியம் பீவி பாடவில்லை. கொட்டகைச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை மிக மரியாதையாக அணைத்தார்.

திரைக்குள்ளிருந்து தெய்வ வாக்கு ஒலித்தது.

"எவன்டா மெயின ஆஃப் பண்ணது? வண்டி எப்பிட்ரா சார்ஜ் ஏறும்?"

பாட்டு நின்றது. மணவாளன் திரையை இழுத்தார். ஆட்டோவில் சொருகியிருந்தது அவருடைய சார்ஜரேதான், நகப்பூச்சுப் பூவோடு.

"இது எம் பொண்ணு போட்ட பூவு, சாமி."

சாமியார் அவர்கள் மீண்டும் மௌன விரதத்தில் ஆழ்ந்தார்.

வாசகப் பெருமக்கள் தங்கள் மூளையையும் அவ்வப்போது சார்ஜில் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒயர் தேவையில்லை.

போனவை: சாமியார் விற்றுத் தின்ற சார்ஜர்கள், பத்தொன்பது. மின்வண்டியே ராசியில்லை என்று டீசலுக்குத் திரும்பிய ஓட்டுநர்கள், நால்வர். ஆறிப்போன இட்லி, எழுநூறு. மணவாளனின் இரும்பாலைச் சவாரி, ஒன்று.