பாரம் தாங்காத லிஃப்ட்

ஆபீஸ் கணக்குப் பிரிவு அக்கா காலை எடுத்து உள்ளே வைத்ததும் லிஃப்ட் மணியடித்தது.

பாரம் அதிகம் என்று அர்த்தம். உள்ளே இருந்த ஐந்து பேரும் அவள் இடுப்பைப் பார்த்தார்கள்.

"இறங்கிடுங்க மேடம், படி எதுக்கு இருக்கு?" என்றார் மேனேஜர். "இப்படி தினமும் லேட்டா வந்தா, உங்களைக் கீழ இருக்கிற கோடவுனுக்கு மாத்திடுவேன்."

ஆறாவது மாடியில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. எத்தனையோ பேரிடம் மல்லுக்கட்டி வாங்கியது. ஒரு மணிச்சத்தத்துக்காக அதை விட்டுவிடுவதா?

முதலாளி கண்ணில் படாமல் மேனேஜர் விற்றுவந்த இளைக்கிற பொடியில் அன்றே ஒரு டப்பா வாங்கினாள்.

"மூணு வேளையும் இதுதான். வேற எதையும் தொடக்கூடாது. உடற்பயிற்சி, நடை எதுவும் வேணாம். பத்தே நாள்ல பத்துக் கிலோ!" என்றார் மேனேஜர்.

இரண்டே நாளில், பசியில் கணக்கில் கூட்ட வேண்டியதைக் கழித்து, அதைப் பார்த்து அழவும் செய்தாள். வீட்டில் கணவர் வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தாள்.

"பசிக்குதுன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கும்மா என்னைக் கடிக்கிற?"

"கடிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு இந்த வீட்டுல?"

லிஃப்ட் மட்டும் மனமிரங்கவில்லை. ஆறாவது ஆளுக்கு அடித்த மணி, ஐந்தாவது ஆளுக்கே அடித்தது. ரிசப்ஷனிஸ்ட் பயந்துபோய் டப்பா வாங்கினாள். மணி நான்காவது ஆளுக்கு அடித்தது. தபால் பிரிவே மொத்தமாக வாங்கியது. ஆபீஸ் முழுக்க வாடிய முகங்கள். மேனேஜர் முகம் மட்டும் பூரித்துக் கிடந்தது.

ஒருநாள் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டவளைக் கணவர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே சாமானைத் தின்னு, உடம்பை அசைக்காதே, இத்தனை நாள்ல இளைச்சிடுவேன்னு எவனாவது சொன்னா, இளைக்கப்போறது உங்க பர்ஸுதான். வேளைக்குச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காய்கறி இருக்கட்டும். தினமும் நடங்க. மெதுவாத்தான் குறையும். குறையட்டுமே, என்ன அவசரம்?"

டப்பா குப்பைக்குப் போனது. அக்கா சாப்பாட்டுப் பையோடு ஆபீஸ் வந்தாள். ஆறு மாடியையும் காலாலேயே ஏறினாள். மாதங்கள் போகப்போக உடைகள் தொளதொளத்தன. கணவரும் நிம்மதியாக வாயைத் திறந்தார்.

ஒரு காலையில் வேண்டுமென்றே லிஃப்ட்டில் முதல் ஆளாக ஏறி நின்றாள். பின்னாலேயே மேனேஜர் ஏறினார். மணி அடித்தது.

"பாத்தீங்களா? பொடியை விட்டீங்க, பாரம் ஏறிடுச்சு. இறங்குங்க."

"மாட்டேன் சார். அடிச்சது நீங்க ஏறினப்போ."

"கோடவுன் ஆர்டரை இன்னிக்கே போடட்டுமா?"

"தாராளமா போடுங்க. என் உடம்பை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். இந்த லிஃப்ட்டுக்கு என்ன வியாதின்னு மெக்கானிக் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான், என் சாப்பாடும் இங்கதான்."

சொன்னபடியே டிபன் பாக்ஸைத் திறந்தாள். வாசலில் கூட்டம் கூடியது. பசியில் வாடிய தபால் பிரிவு, அந்த டிபன் பாக்ஸைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மெக்கானிக் எல்லாம் எதுக்கு மேடம்?" என்றார் மேனேஜர். குரல் திடீரென்று குழைந்திருந்தது.

அதற்குள் ரிசப்ஷனிஸ்ட் போன் செய்துவிட்டாள். மெக்கானிக் வந்தார், டார்ச்சோடு லிஃப்ட்டின் கூரை மேல் ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"லிஃப்ட்டுக்கு ஒரு கோளாறும் இல்லைங்க! மேனேஜர் பேரு போட்ட இளைக்கிற பொடியை இத்தனை பெட்டி இது தலைமேல ஒளிச்சு வச்சா, பாவம், அது எத்தனை பேரைத்தான் தூக்கும்?"